‘மாத்திரைதான் இருக்கே!’: நீரிழிவும் நம் உணவுத் தட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குச் சென்று மீனும் காய்கறியும் வாங்குவது எங்கள் வீட்டில் பல ஆண்டுப் பழக்கம். வாங்கி முடித்ததும் அப்பா உணவங்காடிப் பக்கம் வந்து ஒரு மேசை பிடித்து உட்காருவார். இரண்டு பரோட்டா, கொஞ்சம் கோழிக் குழம்பு, ஒரு தே தாரிக். சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து சிறிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அன்றைய மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, குவளையில் மீதமிருக்கும் தே தாரிக்கோடு விழுங்குவார்.

சென்ற ஆண்டு ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்: “அப்பா, சர்க்கரை நோய் மாத்திரையை யாராவது இனிப்புத் தேநீரோட போடுவாங்களா?”

அப்பா சிரித்தார். “டேய், மாத்திரைதான் இருக்கே! அப்புறம் என்ன?” என்றார்.

நான் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கும் மாணவன். அந்த மாத்திரையின் வேதியியல் வடிவத்தைத் தாளில் வரைந்து காட்டுவேன். அது உடலில் எந்த உறுப்பில் வேலை செய்கிறது என்பதையும் சொல்வேன். ஆனால் அப்பாவின் அந்த ஒரு வரிக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. இக்கட்டுரை அவருக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில். அவருக்கு மட்டுமன்று, இதைப் படிக்கும் உங்களுக்கும், எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஏன் ‘எனக்கும்’ என்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்கள் சொல்லும் செய்தி

முதலில் நம் சமூகத்தின் நிலையைப் பார்ப்போம். சுகாதார அமைச்சு 2004ஆம் ஆண்டு நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், சிங்கப்பூர் இந்தியப் பெரியவர்களில் 15.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களிடையே அது 11 விழுக்காடு, சீனர்களிடையே 7.1 விழுக்காடு. 2010ஆம் ஆண்டு ஆய்வில் இந்த எண்கள் முறையே 17.2, 16.6, 9.7 என்று உயர்ந்தன. இரண்டு ஆய்வுகளிலும் முதலிடம் நமக்குத்தான். படிப்பிலோ விளையாட்டிலோ கிடைத்திருந்தால் பெருமைப்பட்டிருக்கலாம்!

2016 ஏப்ரலில் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நாடாளுமன்றத்தில் ‘நீரிழிவுக்கு எதிரான போர்’ என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இதை நாடே கேட்கும்படி பேசினார். 60 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்தில் அறுவருக்கு என்றார். அடுத்த முறை திருமண விருந்துக்குப் போகும்போது தாத்தா பாட்டிகள் அமர்ந்திருக்கும் மேசையை ஒரு முறை பாருங்கள். பத்துப் பேரில் ஆறு பேர். அந்த மேசையில் நாமும் ஒரு நாள் உட்காரத்தான் போகிறோம்.

ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு? ஒரே உயரம், ஒரே எடை உள்ள ஐரோப்பியரையும் தெற்காசியரையும் ஒப்பிட்டால், நம் உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு அதிகம் சேர்கிறது. இதனால்தான் 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தன் உடல் எடைக் குறியீட்டு அளவுகளை மாற்றியது. மேலை நாடுகளில் 25ஐத் தாண்டினால்தான் எச்சரிக்கை. இங்கே 23ஐத் தொட்டாலே நீரிழிவு, இதய நோய் ஆபத்து கூடத் தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. கண்ணாடியில் ஒல்லியாகத் தெரிகிறோம் என்பதை வைத்து நாம் நிம்மதி அடைய முடியாது.

இன்னொரு காரணம் நம் வரலாற்றில் இருக்கிறது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் இந்த நகரத்தின் சாலைகளைப் போட்டவர்களும் உண்ட சோற்றின் அளவுதான் நமக்குக் குடும்ப வழக்கமாக வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் உண்டதை அன்று மாலைக்குள் உடலுழைப்பால் செலவழித்தார்கள். நாம் அதே சோற்றை உண்டுவிட்டுக் கணினி முன் உட்கார்கிறோம். தட்டு தாத்தாவுடையது, வேலை நம்முடையது. இரண்டும் பொருந்தவில்லை.

இரண்டு தவறுகள்

“மாத்திரைதான் இருக்கே” என்பது முதல் தவறு. மாத்திரையை ஓர் அனுமதிச் சீட்டாக நினைப்பது அது. காலையில் மாத்திரை போட்டாயிற்று, எனவே மதியம் பிரியாணிக்குத் தடையில்லை என்ற கணக்கு. 2006 முதல் நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்களின் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். பலதுறை மருந்தகத்துக்குப் போனால் சில மாதங்களுக்கான மாத்திரைகளைப் பை நிறைய வாங்கி வரலாம். இது நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல வசதி. ஆனால் மருந்து எளிதாகக் கிடைப்பதாலேயே, தட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை நமக்குத் தோன்றுவதில்லை.

இரண்டாவது தவறு என் பெரியப்பாவுடையது. கைப்பேசியில் அவருக்கு ஒரு செய்தி வந்தது. மாத்திரைகள் எல்லாம் மருந்து நிறுவனங்களின் சதி. வெந்தயம் ஊறிய நீரும் பாகற்காய்ச் சாறும் போதும் என்று அது சொன்னது. பெரியப்பா படித்தவர்தான். ஆனாலும் நம்பிவிட்டார். யாரிடமும் சொல்லாமல் மாத்திரைகளை நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்து, செருப்புக் கடித்துக் காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறவேயில்லை. மருத்துவமனையில் சேர்த்தபோது அவருடைய இரத்தச் சர்க்கரை அளவைக் கேட்டு எங்கள் குடும்பமே ஆடிப்போனது. கால் தப்பியது. அதற்கு மூன்று வாரம் படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் எதிரெதிர்த் திசையில் போனவர்கள்போலத் தோன்றும். உண்மையில் இருவரும் செய்தது ஒரே தவறு. உணவும் மருந்தும் ஒரே வேலைக்குப் போட்டியிடும் இரண்டு ஆட்கள், ஒருவர் வந்தால் மற்றவர் வீட்டுக்குப் போகலாம் என்று இருவரும் நினைத்தார்கள்.

மாத்திரை என்ன செய்கிறது?

அப்பா விழுங்கும் மாத்திரைகளில் முக்கியமானது மெட்ஃபார்மின். ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட ஒரு செடியில் காணப்பட்ட வேதிப்பொருளிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் விளைவு அது. 1957 முதல் நீரிழிவு மருத்துவத்தில் இருக்கிறது. எனவே மாத்திரை என்றால் நஞ்சு, மூலிகை என்றால் அமுதம் என்ற பிரிவினை சரியன்று. மெட்ஃபார்மினின் மூதாதையும் ஒரு மூலிகைதான்.

நம் கல்லீரல் சர்க்கரையை உற்பத்தி செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. மெட்ஃபார்மின் முதன்மையாக அந்த உற்பத்தியைக் குறைக்கிறது. கிளிப்பிசைடு, கிளிக்லசைடு போன்ற வேறு மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி அதிக இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. எல்லாமே பயனுள்ளவை. ஆனால் இவற்றில் எதுவும், வாய்வழியே வந்துகொண்டே இருக்கும் சர்க்கரையை வாசலில் நின்று தடுப்பதில்லை. படகில் ஓட்டை இருக்கிறது. மாத்திரை தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றுகிறது. ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனால் இறைப்பவர் ஒருவர் போதாது; இரண்டாமவர் வேண்டும், பிறகு மூன்றாமவர். பலருக்கு ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் இன்சுலின் ஊசிக்கு வருவதை நாம் பார்க்கிறோம். நோயின் இயல்பும் அதற்கு ஒரு காரணம். தட்டு மாறாததும் ஒரு காரணம்.

சென்னையில் நடந்த சோதனை

சரி, தட்டை மாற்றினால் உண்மையிலேயே பயன் உண்டா? அதை மாத்திரையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? உண்டு.

அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002ஆம் ஆண்டு வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்றவர்கள் அவர்கள். நோய் இன்னும் வரவில்லை. வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, மெட்ஃபார்மின் பெற்றவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 31 விழுக்காடு குறைந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றியவர்களுக்கு 58 விழுக்காடு குறைந்தது. எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இவைதாம் அவர்களின் இலக்கு.

“அது அமெரிக்கா. நம் ஊரில், நம் சாப்பாட்டில் நடக்குமா?” என்று அப்பா கேட்பார். அதற்கும் பதில் இருக்கிறது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை நடத்தி, 2006ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். சாம்பாரும் சோறும் உண்ணும் நம்மவர்கள் வாழும் ஊரில் நடந்த ஆய்வு என்பதால் இது நமக்கு மிக நெருக்கமானது.

35 முதல் 55 வயது வரையிலான 531 பேர் அதில் கலந்துகொண்டனர். அனைவரும் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள். அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாம் குழுவுக்கு உணவு, நடைப்பயிற்சி பற்றிய தொடர் வழிகாட்டல். மூன்றாம் குழுவுக்கு மெட்ஃபார்மின். நான்காம் குழுவுக்கு வழிகாட்டல், மெட்ஃபார்மின் இரண்டும். வழிகாட்டல் என்றால் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. மொத்த உணவின் அளவையும் எண்ணெயையும் குறையுங்கள், சர்க்கரையைத் தவிருங்கள், தீட்டிய தானியத்தைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டுங்கள், நாள்தோறும் அரை மணி நேரமாவது நடங்கள் என்பதுதான்.

மூன்று ஆண்டுக் கணக்கில் முடிவு இதுதான். முதல் குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் 39.3. மெட்ஃபார்மின் குழுவில் 40.5. இரண்டையும் பெற்ற குழுவில் 39.5.

இந்த எண்களை மெதுவாகப் படியுங்கள். மூன்று செய்திகள் இருக்கின்றன. ஒன்று, அந்த வாசலில் நிற்கும்போது தட்டு செய்த வேலை மாத்திரை செய்த வேலைக்குக் குறைந்ததன்று. இரண்டு, தட்டை மாற்றியவர்களுக்கு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று, குறிப்பிடத்தக்க அளவு எடை குறையாமலேயே இந்தப் பயன் கிடைத்தது. “நான் எவ்வளவு முயன்றாலும் எடை குறையவில்லை, எனவே பயனில்லை” என்று கைவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நேர்மையாக நான்காவது செய்தியையும் சொல்லிவிட வேண்டும். தட்டை மாற்றியும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது. உணவு மந்திரமன்று. பெரியப்பாவுக்கு வந்த கைப்பேசிச் செய்தி இதைச் சொல்லவில்லை.

நோய் வந்த பிறகு?

நோய் வந்துவிட்டவர்களுக்கு உணவால் பயனில்லையா? 2017ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த டைரக்ட் என்னும் ஆய்வு நம்பிக்கை தருகிறது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்கள், நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே கொண்ட உணவுத் திட்டத்தைச் சில மாதங்கள் பின்பற்றினர். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமலேயே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தனர். இரண்டாம் ஆண்டு முடிவில் அது 36 விழுக்காடு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே மாத்திரையை நிறுத்தியவர் மருத்துவர், நோயாளி அன்று. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலின் உயிர். எந்த உணவும் அதற்கு ஈடாகாது. கணையத்தைத் தூண்டும் மாத்திரை உட்கொள்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தால், சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். எனவே தட்டை மாற்றுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். தட்டு மாறினால் மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் அவர்தான்.

வள்ளுவர் வைத்த வரிசை

நம் பேரவை மலரில் திருக்குறள் இல்லாமல் ஒரு கட்டுரையா? 95ஆம் அதிகாரத்தின் பெயர் ‘மருந்து’. பள்ளியில் படித்திருப்போம். ஆனால் ஒரு முறை பத்துக் குறளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மருந்து என்று பெயர் வைத்துவிட்டு, வள்ளுவர் ஒரு மூலிகையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. முதல் குறள் நோய் எதனால் வருகிறது என்கிறது. அடுத்த ஆறு குறள்களும் உண்பதைப் பற்றியவை. பசித்த பின் உண், செரித்ததை அறிந்து உண், அளவோடு உண், உடலுக்கு ஒத்ததை உண் என்பவை அவற்றின் கருத்து.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கடைசி மூன்று குறள்களும் மருத்துவத்தைப் பற்றியவை. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்வது, நோயாளியின் நிலையையும் காலத்தையும் அறிந்து சிகிச்சை செய்வது, நோயாளியும் மருத்துவரும் மருந்தும் உடனிருந்து கவனிப்பவரும் சேர்ந்ததே மருத்துவம் என்பது. முதலில் தட்டு, பிறகு மருத்துவர். இரண்டும் ஒரே அதிகாரத்தில். அப்பா பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். பெரியப்பா முன்பாதியை மட்டும்.

என் முடிவு

இப்போது, முன்பு சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். 18 முதல் 39 வயது வரை உள்ளவர்கள் தங்கள் நீரிழிவு ஆபத்தை அறிந்துகொள்ள, 2017 செப்டம்பரில் ஒரு சிறிய வினாப் பட்டியல் அறிமுகப்படுத்தப்பட்டது. வகுப்புக்காக அதைப் படித்துக்கொண்டிருந்தபோது விளையாட்டாக என் விவரங்களைப் பதிந்தேன். ஆபத்து அதிகம், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று வந்தது. எனக்கு வயது 23. தேசிய சேவையில் ஓடிய கால்கள் இவை. நம்பாமல்தான் போனேன்.

வெறும் வயிற்றில் எடுத்த அளவு லிட்டருக்கு 6.2 மில்லிமோல். 6.1ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தார்கள். 8.1. இந்தப் பரிசோதனையில் 7.8க்குக் கீழே இருந்தால் இயல்பு, 11.1 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. நான் நடுவில் நிற்கிறேன். சென்னை ஆய்வில் கலந்துகொண்ட 531 பேரும் நின்ற அதே வாசலில்.

அன்று மாலை நான் விடுதிக்குத் திரும்பும்போது, கையில் வழக்கம்போல் ஒரு குளிர்ந்த இனிப்புத் தேநீர்ப் பெட்டி இருந்தது. குடிக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய தியாகங்கள் தேவையில்லை. நான் கடைப்பிடிக்கத் தொடங்கியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பானம். மாற்றுவதற்கு மிக எளிதானது இதுதான். 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் குறியீடு நடப்பில் உள்ளது. சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு இரண்டையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறார்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. 250 மில்லிலிட்டர்ப் பெட்டி ஒன்றில் அது 25 கிராமுக்கு மேல். ஐந்து தேக்கரண்டிக்குக் கூடுதல்! கோப்பிக்கடையில் ‘தே ஓ கொசோங்’ அல்லது ‘தே சி கொசோங்’ கேளுங்கள். முடியாவிட்டால் ‘சியூ தை’ என்று சர்க்கரையைக் குறைத்துக் கேட்டுத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் கசக்கும். பிறகு பழைய தே தாரிக் பாயசம்போல் இனிக்கும்.

இரண்டாவது, இலையின் மேல் பாதி. சிராங்கூன் சாலையில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் வாழையிலையைக் கவனியுங்கள். மேல் பாதியில் பொரியல், கூட்டு, கீரை, பருப்பு, கீழே சோறு. நம் மரபிலேயே நல்ல தட்டு ஒளிந்திருக்கிறது. மேல் பாதியைத் தொட்டுக்கொள்ளும் பொருளாகச் சுருக்கி, கீழ்ப் பாதியை மலையாக்கியதுதான் நம் வேலை. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய உணவுத் தட்டும் பாதித் தட்டு காய்கனி, கால் தட்டு முழுத் தானியம், கால் தட்டு மீன், இறைச்சி, பருப்பு போன்றவை என்கிறது. காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் சர்க்கரை ஏறும் வேகமும் குறைகிறது. பொரியலை இரண்டாம் முறை கேளுங்கள். சோற்றை ஒரு முறையோடு நிறுத்துங்கள்.

மூன்றாவது, சோற்றின் அளவு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கட்டுரை ஒன்று, நாள்தோறும் கூடுதலாக உண்ணும் ஒவ்வொரு பங்கு வெள்ளைச் சோற்றோடும் நீரிழிவு ஆபத்து 11 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. சோற்றை விட்டுவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். அகப்பையில் ஒன்றைக் குறையுங்கள். வீட்டில் வெள்ளையரிசியோடு கால் பங்கு சிவப்பரிசி கலந்து வடிக்கச் சொல்லுங்கள். கேழ்வரகும் கம்பும் தினையும் தேக்கா வட்டார மளிகைக் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் கேழ்வரகுக் கூழாயிற்றே என்று மூன்று கிண்ணம் குடித்தால் அதுவும் மாவுச்சத்துத்தான்.

நான்காவது, உணவுக்குப் பின் நடை. சாப்பிட்டதும் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்குள் நுழையாமல், ஃபேரர் பார்க் நிலையம் வரை நடந்து சென்று ரயில் ஏறுங்கள். கால்கள் இயங்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. இதற்குக் கட்டணம் இல்லை.

ஐந்தாவது, உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தாலே உங்களுக்கும் ஆபத்து கூடுதல். வாசலில் நிற்கும்போது உடம்பு வலிக்காது, தலை சுற்றாது. பரிசோதனை மட்டுமே சொல்லும்.

இவற்றைச் சொல்வது எளிது என்பதை அறிவேன். தேர்வுக் காலத்தில் நள்ளிரவுக்குமேல் பசித்தால் திறந்திருப்பது பரோட்டாக் கடைதான். நகர மையத்தில் ஒரு கிண்ணம் காய்கறிக் கலவை விற்கும் விலையில் பரோட்டா வாங்கி நண்பனுக்கும் தரலாம். வார நாளில் அம்மா வேலை முடிந்து வந்து மூன்று வகைக் காய் சமைப்பார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அதனால்தான் இதை அம்மாவின் பொறுப்பாக விட்டுவிடாமல், நாமே கத்தியை எடுத்து அவரைக்காய் நறுக்கப் பழக வேண்டும் என்கிறேன்.

அப்பாவுக்கு என் பதில்

என் பரிசோதனை முடிவை வீட்டில் சொன்ன அன்று அப்பா எதுவும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு தேக்காவில் மேசை பிடித்து உட்கார்ந்ததும், “ஒரு தோசை, ஒரு தே ஓ கொசோங்” என்றார். கடைக்காரருக்கே ஆச்சரியம். “உனக்கும் வந்துடக் கூடாதுப்பா” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு நானும் உடன் சென்றேன். உணவை மாற்றப்போவதை மருத்துவரிடம் அப்பாவே சொன்னார். ஆறு மாதத்தில் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.4 விழுக்காட்டிலிருந்து 7.5க்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை நிற்கவில்லை. ஒன்பது ஆண்டு நோய் அது. நிற்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் மருத்துவர் சேர்க்க நினைத்திருந்த அடுத்த மாத்திரையைத் தள்ளிவைத்திருக்கிறார். மாதம் ஒரு முறை பரோட்டா உண்டு. மாத்திரையை வெந்நீரோடுதான் போடுகிறார். பெரியப்பாவும் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். பாகற்காயை இப்போது பொரியலாகச் சாப்பிடுகிறார். என் அடுத்த பரிசோதனை இன்னும் சில வாரங்களில். முடிவு எப்படி வரும் என்று தெரியாது. நடந்துகொண்டிருக்கிறேன்.

எனவே அப்பா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: மாத்திரை இருக்கிறது, உண்மை. அது தட்டோடு சேர்ந்து உழைக்க வந்த துணை. தட்டை மறப்பதற்கான அனுமதி அன்று.

நண்பர்களே, கடைசியாக நமக்குள் ஒரு வேண்டுகோள். நம் பேரவை நிகழ்ச்சிகள் முடிந்ததும் வாசலில் என்ன அடுக்கி வைக்கிறோம்? பிரியாணிப் பொட்டலங்களும், பக்கத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் பந்துங்கும். பிரியாணி இருக்கட்டும், அது இல்லாவிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். பொட்டலத்தில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, வெள்ளரிப் பச்சடியைக் கூட்டச் சொல்லலாம். பந்துங்குக்குப் பதில் தண்ணீரும் மோரும் வைக்கலாம். நாற்பது ஆண்டு கழித்து இந்த மலரைப் புரட்டும் முன்னாள் மாணவர்களாக நாம் கூடும்போது, மேசையில் பத்துப் பேரில் ஆறு பேர் என்ற கணக்கு மாறியிருக்கட்டும். அடுத்த நிகழ்ச்சியின் உணவுப் பொறுப்பாளர் யாராக இருந்தாலும், பச்சடி நறுக்க நான் வருகிறேன்.